திங்கட்கிழமைகளில் மட்டும் கசிந்த குழாய்

பிலிமத்தலாவையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடைகளுக்கு நடுவே உள்ளே போகும் பாதையில் இருபது நிமிடம் நடந்தால் ஒரு வாசனை எண்ணெய்த் தொழிற்சாலை வரும். கராம்பு இலை, கறுவா இலை, சாதிக்காய் என்று ஏதாவதொன்றைப் பெரிய உலோகத் தொட்டிக்குள் அடைத்து, நீராவி விட்டு எண்ணெய் எடுப்பார்கள். அங்குள்ளவர்கள் அந்தத் தொட்டியை அண்டா என்றுதான் சொல்வார்கள். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்து ஓராண்டு ஆகியிருந்த காலம். எனக்கு முப்பத்தொரு வயது, கையில் ஒரு வயதுக் குழந்தை. அந்தத் தொழிற்சாலையில் இரண்டு திங்கட்கிழமைகளில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேராதனையில் பொறியியல் படித்துவிட்டு, கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஏழு வருடம் இருந்தேன். வெளிநாட்டு ஆலைகளில் போடும் குழாய்களுக்குத் தகைப்புக் கணிப்பது வேலை. 'ஸ்ட்ரெஸ்' பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அம்மா அதை எப்படியோ பிடித்துக்கொண்டு, மகள் மனக்கவலைக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பரப்பிவிட்டார். ஒரு தடவை விடுமுறையில் கண்டிக்கு வந்திருந்தபோது, நாலு வீடு தள்ளியிருந்த பெண்மணி தனக்குத் தூக்கமே வருவதில்லை என்று என்னைத் தேடி வந்து கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் பார்ப்பது குழாய்களின் கவலையை என்று அவருக்கு விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

விஷயம் உண்மையில் எளிமையானது. இரும்புக் குழாய்க்குள் நீராவியை விட்டால் குழாய் சூடாகி நீளும். முப்பது மீற்றர் குழாய் ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் நீண்டுவிடும். அதை யாராலும் தடுக்க முடியாது. எந்தப் பக்கமாக நீள வேண்டும் என்று வழிகாட்டத்தான் முடியும். குழாயைத் தாங்கி நிற்கும் தாங்கிகள் சிலவற்றில் அதை அசையவிடாமல் பற்றவைத்துப் பிடித்துக்கொள்வோம். மற்றவற்றின் மேல் சும்மா சறுக்கிப் போக விடுவோம். நடுவில் 'ப' எழுத்தைப் போல ஒரு வளைவு வைப்போம். இரண்டு பக்கமிருந்தும் நீண்டு வரும் குழாய் அந்த வளைவுக்குள் வந்து அடங்கும், வளைவு சற்று நெளிந்து கொடுக்கும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்று முடிவு செய்வதுதான் என் தொழில். ஏழு வருடத்தில் அப்படி எத்தனையோ குழாய்களுக்குக் கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் சூடாகும் குழாயொன்றின் பக்கத்தில் நின்று, அது அசைவதைக் கண்ணால் பார்த்தது கிடையாது. இதை அப்போது யாராவது சொல்லியிருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பேன்.

குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுக் கண்டிக்கே வந்துவிட்டோம். வீட்டிலிருந்து சின்னச் சின்ன வேலைகள் செய்தேன். அந்தத் தொழிற்சாலையின் முதலாளி நகரத்தில் சரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரி. மாநகரசபையில் எழுதுவினைஞராக இருந்த என் அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும். என்னை 'மகள்' என்றுதான் கூப்பிடுவார். புதிதாக மூன்றாவது அண்டா ஒன்று வைக்கப் போவதாகவும், பொயிலரிலிருந்து அதற்கு நீராவிக் குழாய் போட வேண்டும் என்றும் கேட்டார். வெறும் தூண்கள் மட்டும் நின்ற இடத்தை ஒரு நாள் போய் அளந்து வந்தேன். ஒரு வாரத்தில் கணித்து, இரண்டு தாள்களில் வரைந்து கொடுத்தேன். முதல் தாளில் குழாயின் படம். இரண்டாவது தாளில் தாங்கிகளின் பட்டியல். பொயிலர்ப் பக்கமிருந்து ஒன்று தொடங்கி ஒன்பது வரை எண்கள். வேலை முடிந்ததும் வந்து பார்ப்பதாகச் சொன்னேன். குழந்தைக்குக் காய்ச்சல், பிறகு அம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் போகவில்லை.

நான்கு மாதம் கழித்து முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். புதிய அண்டாவின் கழுத்தில், குழாய் வந்து சேரும் மூட்டில், நீராவி கசிகிறது என்றார். மூட்டுக்கு நடுவே வைக்கும் கேஸ்கட்டை ஐந்து தடவை மாற்றியாயிற்று. மாற்றினால் அந்த வாரம் நன்றாக இருக்கும். அடுத்த திங்கட்கிழமை காலையில் மறுபடியும் கசியும்.

"ஏன் திங்கட்கிழமை மட்டும்?" என்று கேட்டேன்.

"அதத்தான் மகள் நானும் கேக்கிறன்" என்றார்.

வருத்தமான செய்திதான். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்புத்தான் வந்தது. கிழமை பார்த்துக் கசிகிற குழாயை யாருக்குத்தான் பார்க்க ஆசை வராது?

அடுத்த திங்கட்கிழமை குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர எட்டரை மணியாகிவிட்டது. பொயிலர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. கராம்பு இலையின் காரவாசம் கண்ணைக் கரிக்க வைத்தது. மூட்டின் அடிப்பக்கத்தில் 'உஸ்' என்று மெல்லிய வெள்ளைக் கோடாக நீராவி வந்துகொண்டிருந்தது. அண்டாவுக்கு இலை அடைக்கும் வேலையில் ஓர் அக்கா இருந்தார். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் முடித்து இந்தப் பக்கம் வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். "தள்ளி நில்லுங்க மிஸ், மூஞ்சில அடிச்சிரும்" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் நாள் முழுக்க நிற்கும் இடத்துக்கும் அந்த மூட்டுக்கும் இடையே ஓர் எட்டுத்தான் தூரம்.

நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்குக் கசிவு குறைந்தது. பத்தரைக்குத் தானாகவே நின்றுவிட்டது. யாரும் எதையும் தொடவில்லை. சனிக்கிழமை வரை இனி வராது என்று அந்த அக்கா சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பொயிலரை முழுதாக அணைப்பார்கள். மற்ற நாட்களில் வேலை முடிந்தாலும் தணல் இருக்கும். ஆகவே குழாய் முற்றாகக் குளிர்ந்து மறுபடி சூடாகும் நாள் திங்கட்கிழமை ஒன்றுதான். அது எனக்குப் புரிந்தது. ஆனால் குளிர்ந்து சூடானால் ஏன் கசிய வேண்டும்? அண்டாவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஒன்பதாம் தாங்கியில் குழாயைப் பற்றவைத்துப் பிடித்திருக்கிறோமே. குழாயின் நீட்சி எதுவும் அதைத் தாண்டி அண்டாவின் கழுத்துக்கு வர முடியாதே.

அப்போதுதான் அந்த அக்கா, சொல்லலாமா வேண்டாமா என்பதுபோல ஒரு விஷயம் சொன்னார்.

"அந்த பைப் நடக்குது மிஸ். நான் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்டாவுக்கு வரும் குழாய் திரும்பும் இடத்தில், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே கையகல இடைவெளி இருந்தது. காலையில் கொண்டு வரும் தேத்தண்ணி போத்தலை ஆறாமல் இருக்க அவர் அங்கேதான் செருகி வைப்பாராம். சாதாரண நாட்களில் கையோடு வந்துவிடும். திங்கட்கிழமை காலையில் வைத்தால் மட்டும் பத்து மணிக்கு எடுக்க முடியாது, குழாய் அதைச் சுவரோடு நசுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை போத்தல் வெடித்தே போயிற்றாம்.

கேட்க ரசமாக இருந்தது, ஆனால் நான் நம்பவில்லை. "சூட்டுல போத்தல் ஊதியிருக்கும் அக்கா. அந்த இடம் அசையாது, நாங்க பிடிச்சு வச்சிருக்கோம்" என்றேன். "படிச்சவங்களுக்குத் தெரியாததா" என்று இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று புறப்படும்போது முதலாளியிடம், மூட்டின் இரண்டு முகமும் நேராகப் பொருந்தவில்லை போலிருக்கிறது, பற்றவைத்தபோது சற்றுச் சரிந்திருக்கலாம் என்றேன். போலிருக்கிறது, இருக்கலாம் என்று இரண்டு இடத்தில் சந்தேகத்தோடுதான் சொன்னேன். பற்றவைத்தவர் அன்று சாமான் வாங்க நகரத்துக்குப் போயிருந்தார். அவரைப் பார்க்காமலேதான் அப்படிச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பழைய கணக்கைத் திறந்து பார்த்தேன். ஒன்பதாம் தாங்கியில் அசைவு பூச்சியம் என்று அது தெளிவாகக் காட்டியது. திருப்பி ஓடவிட்டேன், மறுபடியும் பூச்சியம். ஆனாலும் அந்தப் போத்தல் என்னை விடவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் அதே நினைவு. திங்கட்கிழமை மட்டும் ஒரு போத்தல் ஏன் ஊத வேண்டும்? புதன்கிழமையும் அதே சூடுதானே? வியாழக்கிழமை முதலாளியைக் கூப்பிட்டு, வரும் திங்கட்கிழமை பொயிலர் மூட்டுவதற்கு முன்பே நான் வந்து நிற்க வேண்டும் என்று சொன்னேன்.

அந்தத் திங்கட்கிழமை விடியுமுன்பே முதல் பஸ்ஸில் போனேன். பையில் பசை, கத்தரிக்கோல், சதுரக்கோட்டுத் தாள், ஒரு கொப்பி. அந்த அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னதும் ஈர்க்கு விளக்குமாறொன்றைப் பிரித்து ஒன்பது ஈர்க்குகளை ஒரே அளவாக முறித்துத் தந்தார். ஒவ்வொரு தாங்கியிலும் குழாயோடு ஓர் ஈர்க்கைக் கம்பியால் கட்டினோம். அதன் நுனிக்கு நேர் கீழே, தாங்கியின் மேல் சதுரக்கோட்டுத் தாளை ஒட்டினோம். குழாய் அசைந்தால் ஈர்க்கின் நுனி தாளின் மேல் நகரும். எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் புள்ளி வைத்து, நேரத்தையும் எழுதினேன். ஏணியை அந்த அக்கா பிடித்துக்கொண்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏறினேன்.

ஆறரைக்குப் பொயிலரில் விறகு போட்டார்கள். ஏழு மணிக்கு நீராவிக் கதவைக் கொஞ்சமாகத் திறந்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் 'டக் டக்' என்று குழாயோடு போயிற்று. பிறகு இரண்டாம் தாங்கியில் ஈர்க்கு அசைந்தது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு கோடு, இன்னொரு கோடு என்று, பார்த்தால் தெரியாத வேகத்தில், ஆனால் நிற்காமல் அது நகர்ந்தது. இத்தனை கனமான இரும்பு, ஒரு சத்தமுமில்லாமல், நான் தாளில் எழுதிக் கொடுத்த திசையில் போய்க்கொண்டிருந்தது. ஏழு வருடமாக எண்களாக மட்டுமே பார்த்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். ஏணியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். கீழே இருந்து அந்த அக்கா, "நடக்குதா மிஸ்?" என்று கேட்டார். "நடக்குதுக்கா" என்றேன்.

இரண்டு பேரும் தாங்கி தாங்கியாக நடந்தோம். நான் ஏறிப் படிப்பேன், அவர் கொப்பியில் எழுதுவார். அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட அழகு. இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் என் கணக்கோடு ஒரு மில்லிமீற்றருக்குள் பொருந்தின. ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த 'ப' வளைவு பொயிலர்ப் பக்கமிருந்து நெளிந்தது, அதுவரை சரி. ஆறாம் தாங்கிக்கு வந்தோம். அங்கே குழாய் வளைவை நோக்கிச் சறுக்கியிருக்க வேண்டும். ஈர்க்கு வைத்த இடத்திலேயே நின்றது. ஏழாம் தாங்கியில் அசைவு இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக, அண்டாவை நோக்கி. எட்டில் இன்னும் கூட. ஒன்பதாம் தாங்கிக்கு ஏணியை நகர்த்தினோம். பூச்சியம் என்று கணினி சொன்ன அந்த இடத்தில் ஈர்க்கு ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்திருந்தது.

அந்த அக்கா சொன்னது அப்படியே உண்மை. ஆறாம் தாங்கிக்கு அப்பால் இருந்த குழாய் முழுவதும் அண்டாவின் கழுத்தை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. சூடானால் கேஸ்கட்டை ஒரு பக்கம் நசுக்கும். ஞாயிற்றுக்கிழமை குளிர்ந்து சுருங்கும்போது, நசுங்கிய கேஸ்கட் கூட வராது, ஓர் இடைவெளி விழும். திங்கட்கிழமை அந்த இடைவெளியால் நீராவி வரும். மறுபடி நீண்டு நசுக்கியதும் அடைபட்டுவிடும். விடுகதை அவிழ்ந்துவிட்ட சந்தோஷத்தில் நான் மறுபடி ஆறாம் தாங்கிக்கு ஓடினேன். குழாயின் அடியைச் சுற்றி நாலு பக்கமும் அழகாகப் பற்றவைத்திருந்தது. ஒன்பதில் குழாய் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆறில் விட வேண்டியதைப் பிடித்து, ஒன்பதில் பிடிக்க வேண்டியதை விட்டிருக்கிறார்கள். நேரே முதலாளியின் அறைக்குப் போய், பற்றவைத்தவர் இரண்டு தாங்கிகளை மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொன்னேன். முதலாளி பெருமூச்சு விட்டார். நான் போன வாரம் சொன்னதை வைத்து, மாத முடிவோடு நிற்கும்படி அந்த வெல்டிங் பாஸிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். எங்கள் பக்கத்தில் கைத்தொழில் தெரிந்தவர்களைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இப்போது ஆளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே கேட்டுவிடுவோம் என்றார்.

வந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கரி படிந்த கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றார். வடக்கிலிருந்து வந்தவர். அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கத்து அறையில்தான் மனைவியோடு இருந்தார். வேலை போனால் அறையும் போகும். வடக்கிலிருந்து வந்த ஒருவருக்குக் கண்டியில் அப்போது அறை கிடைப்பது லேசில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் நான் கொப்பியைத் திறந்து, ஈர்க்குகள் நகர்ந்த கணக்கை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு வசனம் சொன்னார்.

"நீங்கள் தந்த படத்தில அப்பிடித்தான் கிடக்கு."

இருக்க முடியாது என்றேன். அவர் போய், பொலித்தீன் உறைக்குள் வைத்திருந்த இரண்டு தாள்களைக் கொண்டு வந்தார். எண்ணெய்க் கறை ஒன்றுகூட அதில் இல்லை. முதல் தாளில் எல்லாம் சரி. இரண்டாவது தாளில், பட்டியலில், ஆறாம் எண்ணுக்கு எதிரே 'நான்கு பக்கமும் பற்றவைக்கவும்' என்று இருந்தது. ஒன்பதாம் எண்ணுக்கு எதிரே 'சறுக்கும்'. கீழே என் கையொப்பம்.

எப்படி நடந்தது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. புதிய பட்டியல் அடிக்கச் சோம்பல்பட்டு, கொழும்பில் செய்த ஒரு பழைய வேலையின் பட்டியலை எடுத்து அதன் மேலேயே மாற்றி எழுதியிருந்தேன். அந்த வேலையில் ஆறுதான் பிடிக்கும் இடம். மற்ற வரிகளையெல்லாம் மாற்றியவள் அந்த இரண்டு வரிகளைத் தொட மறந்திருந்தேன். கணினிக்கு நான் சொன்னது ஒன்று, அவருக்குச் சொன்னது வேறொன்று.

அதைவிட மோசமான இன்னொன்றும் அப்போது நினைவுக்கு வந்தது. குழாய் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம், கிளினிக்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முதலாளி கூப்பிட்டார். ஆறாம் நம்பரைப் பற்றிப் பாஸ் ஏதோ கேட்கிறார் என்றார். குழந்தை அழுதுகொண்டிருந்தது. என்ன கேட்கிறார் என்றுகூட நான் விசாரிக்கவில்லை. படத்தில் உள்ளபடியே செய்யச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.

அறையில் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம். முதலாளிக்குப் படம் படிக்கத் தெரியாது. நான் என்ன சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் தாள் சரியாக இருக்கிறது, அதைப் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். அந்த நினைப்பு எனக்கு வந்தது, வரவில்லை என்று எழுதினால் பொய். என் பெயர், என் படிப்பு, அப்பாவின் மரியாதை எல்லாம் அந்தச் சில நொடிகளில் மனதில் ஓடின. பாஸ் என்னைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"பிழை என்னோடது" என்றேன். "பட்டியல்ல நான்தான் மாத்தி எழுதியிருக்கேன். அவர் அதுல உள்ளதைத்தான் செஞ்சிருக்கார்."

"அப்ப இவர்ல பிழை ஒன்னும் இல்லையா மகள்?" என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன். அவர் ஒரு தடவை கேட்டனுப்பியதையும், நான் என்ன கேள்வி என்று பார்க்காமலே பதில் சொன்னதையும் சொன்னேன். அந்தத் தொலைபேசி அழைப்பு முதலாளிக்கும் அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பாஸைப் பார்த்து, மாத முடிவைப் பற்றிச் சொன்னதை மறந்துவிடும்படி சொன்னார். பிறகு எழுந்து போய்ப் பொயிலரை நிறுத்தச் சொன்னார்.

குழாய் ஆறுவதற்கு அடுத்த நாள் காலை ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் நான் போனேன். பாஸ் மூட்டைக் கழற்றினார். கேஸ்கட் ஒரு பக்கம் தாளைப் போல நசுங்கியிருந்தது. அதை எதிர்பார்த்தேன். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அண்டாவின் கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மண்ணெண்ணெய் பூசினார், சற்றுப் பொறுத்துச் சுத்தமாகத் துடைத்தார், பிறகு சோக்குக்கட்டியைத் தூளாக்கி அந்த இடத்தில் தடவினார். என்ன செய்கிறார் என்று கேட்டேன். வெடிப்பு ஏதும் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் சோக்குத் தூளில் ஊறி வெளியே தெரியும் என்றார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த அக்காவும் வந்துவிட்டிருந்தார். வெள்ளைத் தூளின் மேல் மெல்ல மெல்ல, தலைமயிர் போல ஓர் ஈரக்கோடு எழுந்தது. என் சுண்டுவிரல் நீளம்.

இன்னும் எத்தனை திங்கட்கிழமை தாங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கழுத்து உடைந்திருந்தால் நீராவி முழுவதும் வந்திருக்கும் திசையில், ஓர் எட்டுத் தூரத்தில், அந்த அக்காவின் இலைக் கூடை இருந்தது. அவர் கோட்டைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். போய்க் கூடையைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். அவர் ஏதாவது ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மற்ற வேலையாட்கள் தேத்தண்ணிக்குப் போன நேரத்தில் பாஸ் என்னிடம் கேட்டார்.

"ஆறாம் நம்பரைப் பற்றி நான் ஒருக்கா கேட்டு விட்டனான். உண்மையாவே அது உங்களிட்ட வந்ததோ? இல்ல, எனக்காக நேற்று அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"வந்தது" என்றேன். "நான் கவனிக்கல்ல."

"ஓம்" என்றார். "அண்டாவுக்குக் கிட்டத்தான் பிடிக்க வேணும் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான். மறுமொழி வந்த பிறகு, எனக்குத்தான் விளங்கயில்லையாக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, ஆறாம் தாங்கியில் தான் பற்றவைத்ததை அறுத்தெடுக்கப் போய்விட்டார்.

கழுத்தை வெட்டிப் புதிதாகப் போட்டு, ஒன்பதில் பிடித்து, ஆறில் விட்டு எல்லாம் முடிய இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு நாளும் போய் நின்றேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலையில் மறுபடி ஈர்க்குகள் கட்டினோம். இந்தத் தடவை ஏணியில் ஏறியது அந்த அக்கா, கீழே நின்று எழுதியது நான். ஒன்பதாம் தாங்கியிலிருந்து, "இது தூங்குது மிஸ்" என்று சொன்னார். மூட்டு காய்ந்தே இருந்தது. முதலாளி அன்று எல்லோருக்கும் வட்டிலப்பம் வரவழைத்தார். அதற்குப் பிறகும் இரண்டு வேலைகளை என்னிடமே தந்தார். தராமல் விட்டிருந்தாலும் நான் குறை நினைத்திருக்க மாட்டேன்.

பாஸ் மேலும் ஒரு வருடம் அங்கே இருந்துவிட்டு மனைவியோடு ஊருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் நட்பாகிவிட்டோம் என்றெல்லாம் சொல்ல முடியாது. அந்த இரண்டு வேலைகளின்போதும் அவர் சந்தேகம் கேட்டால் எழுதித்தான் அனுப்புவார், நானும் அங்கே போய் நின்றுதான் பதில் சொல்வேன். என் கணக்குத் தவறிய இன்னும் ஓர் இடத்தை அப்படித்தான் கண்டுபிடித்தோம். அந்தத் தடவை குழாய் போடுவதற்கு முன்பே.

இப்போதும் இதே தொழில்தான் செய்கிறேன். வேலைத்தலத்திலிருந்து யாராவது கூப்பிட்டு, படத்தில் ஏதோ விளங்கவில்லை என்று தயங்கிச் சொன்னால், நான் கையில் இருப்பதை வைத்துவிட்டு, அங்கே நின்று என்ன பார்க்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறேன். ஏனென்றால் என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் கணினி பதில் சொல்லியிருந்த ஒரு வேலையில், எனக்குக் கேட்கவே தோன்றாததை இரண்டு பேர் சொல்ல வந்தார்கள், அந்த இரண்டு பேருக்கும் நான் காது கொடுக்கவில்லை என்ற எண்ணம் இத்தனை வருடம் கழித்தும் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை.